மலையில் தொற்று வந்தால் யாருக்கு என்ன அதிகாரம்?

நெல்லை மாவட்டம் பாபநாசம் மலையில் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகளிலிருந்தும், தென்காசி மாவட்டம் சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும், அங்கே வேலை பார்க்கும் ஊழியர்களிடமிருந்தும் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன: தொற்று என்று சொல்லிவிட்டால் அரசாங்கம் எதுவரை போகலாம்? இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எங்க குடியிருப்புல ரெண்டு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லி, செக்போஸ்ட்ல ஒருத்தரையும் கீழ இறங்கப்படாதுன்னு நிப்பாட்டுதாங்க. ரேசன் வாங்கவும் போக முடியல. இப்படிச் செய்ய அவங்களுக்கு அதிகாரம் இருக்கா? (ஜீப் ஓட்டுநர், அம்பாசமுத்திரம் வட்டம்)

பதில்: இந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. காப்பகத்துக்குள் வெளியாட்கள் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்த வனத்துறைக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உள்ளே குடியிருக்கிறவர்களை நோயைக் காரணம் காட்டி நிறுத்தி வைக்கும் அதிகாரம் சோதனைச்சாவடிக்குத் தானாக வந்துவிடாது. அதற்கான உத்தரவு வேறு இடத்திலிருந்து வரவேண்டும். சாவடி அதை நிறைவேற்ற உதவலாம், அவ்வளவுதான்.

அந்த உத்தரவு மூன்று வழிகளில் வரலாம். முதலாவது 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம். அன்றாடம் நடைமுறையில் இருப்பது இதுதான். நோயாளியை அப்புறப்படுத்துவது, வீட்டைக் கிருமிநீக்கம் செய்வது, சந்தேகமான கிணற்றையோ ஓடையையோ பயன்படுத்தத் தடை போடுவது எல்லாம் இதன்படி சுகாதார அலுவலர் செய்யக்கூடியவை. ஒரு நோயை அறிவிக்கப்பட்ட நோய் என்று அரசு அறிவித்தால், அலுவலர்களுக்குக் கூடுதல் அதிகாரங்களையும் அரசு தரலாம். 2020-இல் கொரோனாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். இரண்டாவது 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். இருக்கிற சட்டங்கள் போதாது என்று தோன்றினால் மாநில அரசு தற்காலிக விதிகளைப் போடலாம். மூன்றாவது, முன்பு 144 தடை உத்தரவு என்று சொன்னோமே, அது. இப்போது அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியரோ, உங்கள் வட்டாரத்துக்குச் சேரன்மகாதேவி சார் ஆட்சியரோ இதைப் பிறப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் அது நிற்காது. நீட்டிக்க வேண்டுமென்றால் மாநில அரசுதான் நீட்டிக்க முடியும்.

ஆகவே சாவடியில் சண்டைக்குப் போகாமல் உத்தரவின் நகலைக் கேளுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்கவேண்டும்: என்ன நோய், எல்லை எதுவரை, எந்தத் தேதி வரை, கையெழுத்து யாருடையது. வாய்மொழியாக 'மேலிடத்துல சொல்லிட்டாங்க' என்றால் அங்கிருந்தே வட்டார மருத்துவ அலுவலருக்கோ 104 சுகாதார உதவி எண்ணுக்கோ போன் போட்டுச் சொல்லலாம். முறையான உத்தரவை மீறினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவுப்படி தண்டனை உண்டு. மீறியதால் பிறர் உயிருக்கோ நலத்துக்கோ ஆபத்து என்றால் ஓராண்டுச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை போகும். ஆனால் உத்தரவு போட்ட அலுவலர் தரப்பிலிருந்து எழுத்துமூலம் புகார் போனால்தான் நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளும்.

ரேசன் விஷயத்தில் எங்கள் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். அரிசி மேலே போய்ச் சேர ஏற்பாடு செய்யாமல் பாதையை மூடுவது தவறு. அது மனிதாபிமானத்துக்கு மட்டும் விரோதமானதாக இருந்தால்கூட ஒருவர் வாதாடிப் பார்க்கலாம். நோய்த் தடுப்புக்கே விரோதமானது என்பதுதான் விஷயம். சாவடியை மூடினால் மக்கள் காட்டுவழியில் இறங்குவார்கள், அந்த வழிகள் அவர்களுக்குத்தான் தெரியும். நடமாட்டம் நிற்காது, யார் போனார் யார் வந்தார் என்ற கணக்குத்தான் நின்றுபோகும். மூடுவதற்கு முந்தின நாளே வட்ட வழங்கல் அலுவலரிடம் பேசி, அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ என்கிற மாத அரிசியை வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அதே வண்டியில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு. பிரசவ தேதி நெருங்கிய பெண்களின் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கும். அவர்களுக்கும், பாம்புக்கடி, விபத்து போன்றவற்றுக்கும் சாவடி எந்நேரமும் திறக்கும் என்று உத்தரவிலேயே எழுதிவிடவேண்டும்.

கேள்வி: நோயாளி வரமாட்டேன் என்று சொல்லியும் ஆம்புலன்ஸில் ஏற்றி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா? (கல்லூரி மாணவி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: சில சூழ்நிலைகளில் கொண்டுபோகலாம். தொற்றுநோய் என்று மருத்துவர் சான்று தரவேண்டும். அதோடு நோயாளிக்கு ஒதுங்கி இருக்க முறையான இடம் இல்லாமல், அல்லது பரவாமல் பார்த்துக்கொள்ளும் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் வாழும் இடத்தில் இருந்தால், சுகாதார அலுவலர் அவரை மருத்துவமனைக்கு அப்புறப்படுத்த உத்தரவிடலாம். தொற்று இருப்பதாகச் சந்தேகப்படும் இடத்துக்குள் பகலோ இரவோ நுழைந்து பார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

நகரத்துக்காக எழுதிய வாசகங்கள் இவை. மலைக் குடியிருப்புக்கு அப்படியே பொருத்தினால் யாரை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம், ஏனென்றால் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள், ஒரே வாசல், பொதுத் தண்ணீர். அதனால் அலுவலர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த நோய்க்கு இங்கேயே ஒதுக்கி வைத்துப் பார்க்க முடியுமா? சிக்கலில்லாத சின்னம்மைக்குக் காற்றோட்டமான ஒரு தனி அறை, ஏற்கெனவே அம்மை வந்து தேறிய ஒருவர் பணிவிடைக்கு, நாள்தோறும் செவிலியர் வந்து பார்ப்பது, இவை போதும். மூச்சுத் திணறல், விடாத வாந்தி, வலிப்பு, நினைவு தடுமாறுதல், குழந்தை பால் குடிக்காமல் போவது என்றால் தாமதிக்கக்கூடாது, அப்போது இறக்கித்தான் ஆகவேண்டும். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) சந்தேகம் என்றாலும் அப்படியே. அதற்கான எதிர்நச்சு மருந்தை மருத்துவமனையில்தான் போடமுடியும்.

கொண்டுபோகும் அதிகாரம் இருப்பதாலேயே ஊசி போடச் சம்மதம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே போனபின் நோயாளியிடம் தனியாகச் சொல்லி, தனியாகச் சம்மதம் வாங்கவேண்டும்.

நடைமுறையில் எங்கே இடறுகிறது என்றால், திரும்பி வருகிற வழியில். ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி இருக்கிறது. குணமானபின் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குப் பஸ், அங்கிருந்து காரையாறு, அப்புறம் அணை தாண்டி இஞ்சிக்குழி வரை நடை என்று நோயாளியைத் தனியே விட்டுவிட்டால், அடுத்த காய்ச்சல்காரர் செவிலியரைக் கண்டதும் காட்டுக்குள் போய்விடுவார். எந்த வார்டு, யாருடைய போன் நம்பர், கூட இருப்பவருக்குச் சாப்பாடு எங்கே, திரும்ப வண்டி எப்போது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டாரிடம் கொடுப்பது சட்டப் பிரிவுகளைவிடப் பெரிய காரியம் செய்யும்.

பலவந்தம் என்ன கொண்டுவரும் என்பதற்கு 1897-ஆம் ஆண்டே சாட்சி. பம்பாய் பிளேக்குக்காகத்தான் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்களை வைத்து வீடுவீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த பிளேக் அதிகாரி ராண்ட் அந்த ஜூன் மாதமே சுடப்பட்டார். அதே சட்டத்தை 2020-இல் திருத்தி, சுகாதார ஊழியரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை. ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். மலையேறி வருகிற செவிலியரிடம் கோபத்தைக் காட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒதுக்கி வைப்பது எத்தனை நாள்? ஒருவர் 7 என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார். (ஆஷா பணியாளர்)

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம், எந்த நோய், யாரை என்பதைப் பொறுத்தது. நோயாளியை ஒதுக்குவது ஒன்று, அவரோடு பழகியவரைக் கவனித்துவருவது இன்னொன்று.

தட்டம்மையில் தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள் வரை பரவும். தோன்றுவதற்கு முன் நான்கு நாளும் பரவியிருக்கும், அதனால்தான் கட்டுப்படுத்துவது கடினம். சின்னம்மையில் நாள்கணக்கு கிடையாது, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை. அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆகிவிடும். பழகியவருக்கு 10 முதல் 21 நாளுக்குள் வரலாம் என்பதால் அந்த 21. பொன்னுக்குவீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். காசநோய்க்குச் சரியான மருந்து தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம். வயிற்றுப்போக்குக்கு ஆளை ஒதுக்குவதைவிடக் கையும் தண்ணீரும் கழிப்பிடமும்தான் முக்கியம், ஆனால் நிற்கும் வரை அவர் பிறருக்குச் சமைக்கக் கூடாது.

இந்த நாள்கள் முடிந்தபிறகும் யாரையாவது நிறுத்தி வைத்தால் அதற்கு மருத்துவக் காரணம் இல்லை, சட்டக் காரணமும் இல்லை.

தட்டம்மைக் குழந்தைக்கு வைட்டமின் ஏ திரவம் அடுத்தடுத்து இரண்டு நாள் தரவேண்டும்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50,000 யூனிட், ஓராண்டுக்குள் 1 லட்சம், அதற்கு மேல் 2 லட்சம். முதல் நாள் கொடுத்துவிட்டு இரண்டாம் நாள் மலையேறாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கண் பார்வையைக் காப்பாற்றும் மருந்து இது. ஏற முடியாதென்று முன்கூட்டியே தெரிந்தால் இரண்டாம் வேளையை அளந்து தாயிடம் கொடுத்து, எப்படிப் புகட்டுவதென்று காட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட மறுக்கிறவர்களுக்கு ரேசனையோ நூறு நாள் வேலையையோ நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்று ஓர் அலுவலர் பேசினார். சரியா? (ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: சரியில்லை. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் யாருக்கும் வற்புறுத்தித் தடுப்பூசி போடக்கூடாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, ஆனால் அது ஆபத்தின் அளவுக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும். உணவை நிறுத்துவதை எந்த அளவுகோலாலும் பொருத்தம் என்று சொல்ல முடியாது.

மறுப்பு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி மறுப்பே கிடையாது. முகாம் காலை பதினொரு மணிக்கு என்றால் அந்நேரம் தேனுக்கும் கிழங்குக்கும் போனவர்கள் எப்படி வருவார்கள்? 'வரவில்லை' என்பது பதிவேட்டில் 'மறுத்தார்' என்று ஏறிவிடுகிறது. விடிகாலையிலோ சாயங்காலம் திரும்பியபிறகோ போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முந்தின நாள் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியிடம் சொல்லிவிடுங்கள். மந்திரப் பாட்டுப் பாடிப் பிணி பார்க்கும் பிலாத்தி இருக்கிற குடியிருப்பில் அவரையும் கலந்துகொள்ளுங்கள். அவருடைய பாட்டு தடுப்பூசிக்கு எந்த வகையிலும் குறுக்கே வராது.

மருந்து தரப்பில் கவனிக்கவேண்டியது: பெட்டியில் பனிக்கட்டிப் பைகள் நான்கும் இருக்கவேண்டும், வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள். தட்டம்மை-ருபெல்லா மருந்தைக் கரைத்தபின் நான்கு மணி நேரம்தான் ஆயுள். கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதவேண்டும். ஒரு குடியிருப்பில் கரைத்ததை அடுத்த குடியிருப்புக்குச் சுமந்துபோய்ப் போடுவது ஆபத்து, கிருமி வளர்ந்து பிள்ளை உயிருக்கே உலை வைக்கும். இரண்டே பிள்ளைகளுக்காகப் புதுக் குப்பி உடைக்கத் தயங்கவேண்டாம். தட்டம்மை கண்ட வீட்டில் தடுப்பூசி போடாத பிள்ளை இருந்தால், தொடர்பு ஏற்பட்டு 72 மணி நேரத்துக்குள் போட்டாலும் பலன் உண்டு.

கேள்வி: எங்கள் எல்லைக்குள் வெளியாட்கள் வரவேண்டாம் என்று குடியிருப்பு மக்களே முடிவெடுத்து மூடமுடியுமா? வெளிநாட்டில் பழங்குடிகளுக்கு அந்த உரிமை உண்டு என்கிறார்களே. (காணி இளைஞர்)

பதில்: அமெரிக்காவில் உண்டு. அங்கே பழங்குடி அரசுகள் தனி ஆட்சியுரிமை உள்ளவை. 2020 வசந்தத்தில் நவஹோ தேசம் தானே ஊரடங்கு போட்டது, வார இறுதியில் 57 மணி நேரம் யாரும் வெளியே வரக்கூடாது என்றது. தெற்கு டகோட்டாவில் செயென் ரிவர் சூ மக்கள் நெடுஞ்சாலையில் தங்கள் சோதனைச்சாவடியை வைத்தார்கள். மாநில ஆளுநர் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை.

நம் நாட்டில் அதற்கு நெருங்கிய ஏற்பாடு அந்தமானில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி ஜாரவா, சென்டினல் மக்களின் பகுதிக்குள் பிறர் நுழைவது குற்றம். அப்படியிருந்தும் 1999-இலும் 2006-இலும் ஜாரவா மக்களிடையே தட்டம்மை புகுந்தது.

பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாக ஏற்பாடு தருவது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை. அதில் வரும் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அந்தப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் இங்கே பொருந்தாது. நெல்லையில் நகரவாசிக்கு என்ன சுகாதாரச் சட்டமோ அதேதான் காணிக்காரருக்கும். குடியிருப்பு மக்கள் தாங்களாகவே கயிறு கட்டி வழியை மறித்தால் அதற்குச் சட்ட பலம் இராது.

ஆனால் அவர்கள் கேட்டுப் பெறக்கூடியது நிறைய. கிராம சபையில் தீர்மானம் போட்டு, தொற்றுக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளையும் வியாபாரிகளையும் குடியிருப்புக்குள் விடாதிருக்க ஆட்சியரிடமும் வனத்துறையிடமும் எழுதிக் கேட்கலாம். வெளியாட்களை நிறுத்த வனத்துறைக்கு ஏற்கெனவே அதிகாரம் இருப்பதால் இது எளிதாக நடக்கும். உள்ளே இருப்பவரை அடைப்பதைக் காட்டிலும் வெளியே இருந்து நோய் ஏறாமல் தடுப்பதே பெரும்பாலான நேரம் சரியான திசை என்பது எங்கள் உறுதியான எண்ணம். சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் கீழிருந்துதான் மேலே போகின்றன.

கேள்வி: காசநோய் என்று தெரிந்தால் பேர் எழுதி அனுப்பிவிடுவார்களாமே. அதனால்தான் எங்கள் ஆட்கள் சோதனைக்கே வரமாட்டேன் என்கிறார்கள். (தன்னார்வலர், சிவகிரி)

பதில்: அனுப்பித்தான் ஆகவேண்டும். 2012 முதல் காசநோய் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய். 2018 மார்ச் அறிவிப்புக்குப் பிறகு தனியார் மருத்துவர், ஆய்வகம், காசநோய் மருந்து விற்கும் மருந்துக்கடை எல்லோரும் தெரிவிக்காவிட்டால் தண்டனைக்கு உரியவர்கள். ஆனால் அந்தத் தகவல் போவது அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்‌ஷய் பதிவுக்கு, ஊர்ச் சுவருக்கு இல்லை. பதிவானால்தான் மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்கான உதவித்தொகையும் அப்படித்தான், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். இதை முதலில் சொன்னால் சோதனைக்கு வருவார்கள். வங்கிக் கணக்கு இல்லாததாலோ ஆதார் இணையாததாலோ பணம் நின்றுபோவது சகஜம். சளி எடுக்கிற அன்றே பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள்.

சளி இரண்டு முறை வேண்டும், ஒன்று அப்போதே, இன்னொன்று மறுநாள் விடிந்ததும். குறைந்தது 2 மில்லி, எச்சில் உதவாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழ இழுத்து இருமித் துப்பச் சொல்லவேண்டும். குடியிருப்பிலிருந்து ஆய்வகம் சேர நாளாகும் என்றால் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும், வெயிலில் ஜீப்பின் முன்பலகையில் வைத்துக் கொண்டுவந்த சளியை நம்பி முடிவு சொல்ல முடியாது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின் நான்கு மாதம் மூன்று மருந்து. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரலாம். மழையில் பாதை அறுந்துபோகும் குடியிருப்பு என்றால் ஐப்பசிக்கு முன்பே கூடுதல் மாத்திரை கொடுத்து ஆஷா பணியாளர் கையில் வைத்திருக்கவேண்டும்.

காசநோய்க்காக யாரையும் குடியிருப்பை விட்டு விரட்ட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

கேள்வி: உண்ணிக் காய்ச்சல் வந்த வீட்டை மூடிவிட்டார்கள். (பெயர், ஊர் தவிர்க்கச் சொல்லி ஒரு வாசகர்)

பதில்: வீண்வேலை. உண்ணிக் காய்ச்சல் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. அங்கே வேண்டிய அதிகாரம் பூட்டு போடுவது கிடையாது, மருந்தை இருப்பு வைப்பது. காய்ச்சல்காரரை உடம்பு முழுக்கப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, அரைஞாண் கயிறு படியும் இடம். சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பும் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின், மருத்துவர் பார்த்துத் தரவேண்டும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். பரிசோதனை முடிவுக்காக மாத்திரையை நிறுத்தி வைப்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

கேள்வி: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அத்தனை கூட்டம் தங்குகிறதே, மலைமக்கள் குடிக்கிற தண்ணீர் என்ன ஆவது? (சுகாதார ஆய்வாளர், ஓய்வு)

பதில்: பொது சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர், கழிப்பிடம், நோயாளிக்கான இடம் இவற்றை ஏற்பாடு செய்யவைக்கவும், கெட்ட உணவை அழிக்கவும் அந்த அத்தியாயம் இடம் தருகிறது. அதைக் குடில் போட்டபிறகு எடுத்துப் பயன் இல்லை. குடில் போட இடம் ஒதுக்கும்போதே ஆற்றோரத்தை ஒட்டிக் கழிப்பிடம் வராதபடி கோடு போட்டுவிடவேண்டும். காரையாற்றில் கலப்பது பாபநாசம் படித்துறைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது!

குடிதண்ணீர்த் தொட்டிக்குக் கணக்கு இது: 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர், 1,000 லிட்டருக்கு 4 கிராம். 10,000 லிட்டர்த் தொட்டிக்கு 40 கிராம். நேரே கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அதை வீசிவிடலாம். அரை மணி நேரத்துக்குப் பிறகே குழாயைத் திறக்கவேண்டும். கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரோஸ்கோப் (மிச்சக் குளோரினை நிறம் வைத்துக் காட்டும் கருவி) சோதனை செய்து, கூட்ட நாளில் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நிறம் வரவில்லை என்றால் முதலில் பவுடரைச் சந்தேகியுங்கள். மூட்டை பிரித்து மலை ஈரத்தில் கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கும். அடுத்த காரணம் கலங்கல். ஆற்று மண்ணே குளோரினைத் தின்றுவிடும், முதலில் தெளியவைக்கவேண்டும்.

மலைக் குடியிருப்புகளில் தொட்டி இல்லாமல் ஓடையிலிருந்து ஹோஸ் போட்டு இழுக்கிற இடம் உண்டு. அங்கே ஓடையில் பவுடரைப் போடுவதில் அர்த்தமில்லை, மீன் சாகும், நீர் ஓடிவிடும். வீட்டுக் குடத்தில்தான் காரியம். அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, அரை மணி நேரம் மூடி வைக்கவேண்டும். வாசனை பிடிக்காமல் கொட்டிவிடுகிறவர்களிடம் நன்றாகக் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள், விறகுக்கு அங்கே பஞ்சமில்லை.

கேள்வி: துணை சுகாதார நிலையம் வேண்டும் என்று கேட்டால் வன நிலம், முடியாது என்கிறார்கள். (முன்னாள் வார்டு உறுப்பினர்)

பதில்: முடியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு மருந்தகம், மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர் வசதி போன்றவற்றுக்கு வன நிலத்தைத் தர வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, அந்தக் குடியிருப்பின் கிராம சபை பரிந்துரைக்கவேண்டும். பெரும்பாலும் கோப்பு திரும்பி வருவது கடைசி நிபந்தனையால்தான். பஞ்சாயத்தின் பொதுக் கிராம சபைத் தீர்மானத்தை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வன உரிமைச் சட்டத்தின்படி கூட்டிய சபையின் தீர்மானமாக, வந்தவர்களின் கையெழுத்தோடு, நில அளவு வரைபடத்தோடு வைக்கவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கேள்வி: நோயாளியை ஏற்றுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்களே?

பதில்: ஊழியர் எடுத்தாலும் ஊர்க்காரர் எடுத்தாலும் தப்பு. நோயாளியின் பெயர், முகம், வீடு மூன்றும் வெளியே போகக்கூடாது. அழிக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதுங்கள்.

கேள்வி: விடுதியில் சிரங்கு பரவியதால் மலைப் பிள்ளைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அதிகாரம் விடுதிக் காப்பாளருக்கு உண்டா? (தாய், காரையாறு)

பதில்: மலைப் பிள்ளைகளை மட்டும் பிரித்து அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. அம்மை போன்ற நோயில் மருத்துவர் சொல்லும் நாள் வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லலாம், அது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். சிரங்குக்கு அதுவும் தேவையில்லை. மருந்து பூசிய மறுநாள் பிள்ளை வகுப்பில் உட்காரலாம். அரிப்போடு வீட்டுக்கு அனுப்பினால் தாய்க்கும் தம்பிக்கும் ஒட்டி, விடுமுறை முடிந்து அதே சிரங்கு திரும்பி விடுதிக்கே வரும்.

விடுதி முழுவதற்கும் ஒரே இரவில் மருத்துவம் பார்க்கவேண்டும், அரிப்பு இல்லாத பிள்ளைக்கும், சமையல்காரருக்கும், காப்பாளருக்கும் சேர்த்து. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகக்கண், தொப்புள், இடுப்பு, பிட்டம் என ஓரிடம் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கவேண்டும். இரவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவவேண்டும், இதை மறந்துவிடுவதால்தான் விரல் இடுக்கிலிருந்து மீண்டும் கிளம்புகிறது. அன்றே போர்வை, துண்டு, உடுப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கவேண்டும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் தனியே வைத்தால் போதும். ஏழாம் நாள் இன்னொரு முறை தடவவேண்டும். உங்கள் பிள்ளை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதால் உங்கள் வீட்டாருக்கும் அதே இரவில் களிம்பு வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். பூச்சி செத்தபிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி பூசினால் தோல் வெந்துபோகும்.